அத்தான் கட்டிய இடிந்த கோட்டை

பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் சம்பாதிக்கப் போவார்கள். அல்லது ஊர் பார்க்கப் போவார்கள். நான் என் அக்காவின் கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வருவதற்காகப் போனேன். அவர் வருவாரா, வரவிடுவார்களா, வருவதற்குள் ஊரில் என்ன ஆகும் என்ற கவலைகளை எல்லாம் படுக்கையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

நாங்கள் கொத்தனார் குடும்பம். அப்பா கொத்தனார், அத்தான் மாணிக்கம், பினாங்கில் மேஸ்திரி. எனக்கு மட்டும் சாரத்தில் ஏறினால் கால் நடுங்கும். அதனாலேயே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் உபாத்தியாயர் ஆனேன். பயத்தால் முன்னுக்கு வந்தவன் என்று அப்பா என்னைக் கேலி செய்வார்.

போன ஆவணியில் அத்தான் ஊருக்கு வந்து போனார். சித்திரை பிறந்தபோது அக்கா காமாட்சி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, தொட்டில் கட்டுமுன்பே போய்விட்டன. எங்கள் வீட்டில் பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா கற்கண்டுப் பொட்டலத்தைப் பிரித்துத் தெருவுக்கே கொடுப்பார். அந்த இரண்டு தடவையும் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்து எறும்பு தின்றது.

இந்தச் சமயம் பார்த்துப் பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக்கு வந்தார். "மேஸ்திரிக்கு என்ன, பெரிய வேலை! ஒரு வெள்ளைக்காரத் தொரைக்கு இடிஞ்ச கோட்டை கட்டிக்கிட்டிருக்காரு" என்றார்.

"இடிஞ்சதைப் பழுது பாக்குறாரா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லீங்க. புதுசாவே இடிஞ்ச மாதிரி கட்டணுமாம். தொரையோட ஊரு ஸ்காட்லாந்துல அப்படி ஒண்ணு நிக்குதாம்."

கொத்தனார் வீட்டில் இதைவிடக் கெட்ட சேதி கிடையாது. எடுத்த சுவரை மூளியாக நிறுத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வேலை பாதியில் நின்றால்கூட மேல்வரிசையைச் சமன்செய்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அதிலும், பிள்ளை சுமக்கிறவளின் கணவன் எதையும் உடைக்கவோ மூளியாக்கவோ கூடாது. சாமிக்குத் தேங்காய்கூட வேறு ஆள்தான் உடைக்க வேண்டும். அன்றிலிருந்து அக்கா சோற்றைப் பிசைவாள், உண்ணமாட்டாள். "அவரு அங்கே மூளியைக் கட்டிக்கிட்டிருந்தா, எனக்கு முழுசா ஒண்ணு எப்படிடா தங்கும்?" என்று என்னைக் கேட்டாள். படித்தவன் நான், பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

கடிதம் போட்டோம், பதில் இல்லை. கோடை விடுமுறை வந்ததும் அப்பா என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டார். "கெட்ட சேதின்னா தந்தி அடிக்கிறேன். நல்ல சேதிக்குத் தந்தி எதுக்கு?" என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் தூக்கத்தைக் கெடுப்பார்.

பினாங்கு கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க முடியவில்லை. டெக்கில் படுத்து வந்த எங்கள் எல்லோரையும் ஒரு தீவில் இறக்கி, அம்மை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நிறுத்தி வைத்தார்கள். எனக்கு வியர்க்குரு கண்டால்கூட அது அம்மையாகத் தெரிந்தது. கை முழுவதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் முன் நின்றேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. நாக்கை நீட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கரையிறங்கி ரிக்‌ஷா பிடித்தேன். இழுத்தவர் ஒரு சீனர். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் ஓட்டம் பயங்கரம். நாகப்பட்டினத்து மாட்டு வண்டி இந்த வேகத்தில் போனால் மாடு வெறிபிடித்துவிட்டது என்று கூட்டம் கூடியிருக்கும். மெதுவாக, மெதுவாக என்று நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தபோதே சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கியது. நான் ஒரு பக்கம், குடை ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம். பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டே வந்து நின்றது. ரிக்‌ஷாக்காரர் என்னைத் தூக்கி நிறுத்தி மலாயில் ஏதோ சொன்னார். நடைபாதையில் நின்ற ஒரு தமிழர் சிரித்துக்கொண்டே அதைத் தமிழாக்கினார்: "காலு ரெண்டும் இருக்குல்ல, அப்புறம் ஏன் அலறுறேன்னு கேக்குறான்."

அத்தானின் கடிதங்கள் வந்து சேரும் விலாசம் சூலியாத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் நாகூர் ஹமீது நானா. அவர் என்னை முன்பின் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"மேஸ்திரி மச்சினன்தானே? உங்க அக்காவைக் கலியாணத்துல பாத்துருக்கேன், அதே மூஞ்சி. குந்துங்க தம்பி. மக்கான் ஆச்சா?"

சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று அவர் தட்டை நீட்டியதும் புரிந்தது. ஒருவர் காவடிபோல் தோளில் இரண்டு கூடைகளைத் தொங்கவிட்டு வந்து இறக்கினார். ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு வகைகள். எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றின்மேல் ஊற்றுகிறார்கள். எதைத் தின்றால் என்ன ஆகுமோ என்று தயங்கித்தான் கை வைத்தேன், மறுசோறும் கேட்டேன். கோப்பியில் டின் பாலை ஊற்றி, ஸ்பூன் நிற்கிற அளவுக்கு இனிப்பாகக் கொடுத்தார். தெருவில் எங்கோ டுரியான் பழம் அறுத்தார்கள். அந்த வாடை மட்டும் எனக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை.

"தந்தி ஏதும் வந்துச்சா நானா?" என்றேன்.

"வரலலா" என்று பினாங்குக்காரர்களைப் போல வாலில் ஒரு 'லா' சேர்த்தார். "பயப்படாதீங்க. உங்க கடுதாசிதான் வந்து கெடக்கு. மேஸ்திரிக்கு வேலை மலைமேல. அவரு எறங்கி இங்கே வந்தே ஒரு மாசமாச்சு." நாங்கள் எழுதிய கடிதம் அரிசி டின்னின் மேல் பிரிக்கப்படாமல் இருந்தது.

மறுநாள் டிராமில் ஆயர் ஈத்தாமுக்குப் போய், அங்கிருந்து மலைச்சரிவில் ஏறினேன். துரை நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர். வயதானதும் அதை விற்றுவிட்டு இங்கே பங்களா கட்டிக்கொண்டார். இதயம் பலவீனம், இனி நீண்ட கடல் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்குத்தான் போக முடியாது, ஊரில் இருந்த கோட்டையாவது கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைத்தாராம். இவ்வளவும் ஹமீது நானா சொல்லி அனுப்பியது.

வளைவு திரும்பியதும் மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. சதுரமான கருங்கல் கோபுரம். நான்கு பக்கமும் முழுதாக நின்றது. மேலே பல்வரிசையாக மதில், அதற்கு நடுவில் சீனத் தச்சர்கள் வேய்ந்த கூரை, வாசல் நிலையில் மஞ்சளும் குங்குமமும், காய்ந்த மாவிலைத் தோரணம். எங்கும் ஒரு விரிசல்கூட இல்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லி அக்காவைப் பட்டினி போட்டுவிட்டார்கள்!

அத்தான் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். அக்கா எப்படி என்று கேட்டார், சொன்னேன். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் சிரித்தவர், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார்.

"தொரை கேட்டது இது, மாப்பிள்ளே."

படத்தில் இதே கோபுரம் இருந்தது. ஆனால் கூரை இல்லை. வடக்குச் சுவரின் மேல்பாகம் சரிந்து பெரிய வாய்போலத் திறந்திருந்தது. சுவர்மேல் செடி முளைத்திருந்தது. கீழே ஆடுகள் மேய்ந்தன.

"அப்ப இது?"

"அவ வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எப்படி மூளி கட்டுவேன்? முழுசாவே கட்டிட்டேன். தொரை மொதக் கல்லு வச்சிட்டு வைத்தியத்துக்குச் சிங்கப்பூர் போனவரு. இன்னும் வரல. வந்து பாத்துட்டு என்ன சொல்லுவாரோ."

"சொல்லாமலா கட்டினீங்க?"

"சொன்னா வேணாம்னுருப்பாரு."

என் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தை மீறினால் துரைமார் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று கப்பலில் ஒருவர் சொல்லியிருந்தார். கப்பல் இருக்கிறது, இன்றைக்கே கிளம்பலாம் என்று கெஞ்சினேன். அத்தான் மசியவில்லை. "நான் போயிட்டா வேற ஆள விட்டு இடிப்பாரு. ஆனா கட்டினது நான். நான் கட்டினது மூளியா நின்னா அந்தத் தோஷம் எங்கே போய்ச் சேரும்? சொல்லிக்காம ஓட நான் என்ன திருட்டுப் பயலா? தொரை வரட்டும்லா."

துரை வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் டிராம் பிடித்து ஹமீது நானா கடைக்கு வந்துவிடுவேன். சைக்கிள் மணி கேட்டாலே தந்திச் சேவகன் என்று எழுந்து நிற்பேன். ஒருநாள் நிஜமாகவே தந்திச் சேவகன் கடைக்குள் நுழைந்தான். கோப்பிக் குவளை என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. தந்தி நானாவுக்கு, அவருக்கு ஆடு ஏற்றி வரும் படகு தாமதமாம். "தம்பி, நீங்க தெனம் ஒரு குவளைய ஒடைச்சீங்கன்னா நான் கடைய மூடணும்" என்றார். நான் உடைத்தேன் என்று அவர் சொன்னதே எனக்குச் சுரீர் என்றது. கணவன்தான் உடைக்கக் கூடாது, தம்பி உடைக்கலாமா? இதைப் பற்றி ஊரில் யாரும் சொன்னதில்லை.

துரை ஒரு பிற்பகலில் வந்தார், மழை விட்ட கையோடு. நெட்டையான கிழவர், வெளுத்துப்போய், கைத்தடியை ஊன்றி மோட்டாரிலிருந்து இறங்கினார். வேலையாட்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். சுற்றி வந்தார். வடக்குப் பக்கம் போய் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது என் கோட்டை இல்லை" என்றார். "யாரைக் கேட்டுக் கூரை போட்டான்? வடக்குச் சுவரை யார் அடைக்கச் சொன்னது?"

நான் மொழிபெயர்க்கும்போது கோபத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். அத்தானுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் தலைகுனியாமல் காரணத்தைச் சொன்னார்: மனைவி, வயிற்றில் பிள்ளை, முன்பு போன இரண்டு. நான் ஒன்றையும் விழுங்காமல் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

"மாப்பிள்ளே, தொரைகிட்ட ஒண்ணு கேளு" என்றார் அத்தான். "அந்த ஊர்ல அதை ஒடைச்சது யாரு?"

இந்த நேரத்தில் சரித்திரப் பாடமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டேன். துரை என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லக் குரல் மாறியது.

ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பிரபு ஆற்றோரம் ஒரு மேட்டில் அந்தக் கோட்டையைக் கட்டினாராம். தெற்கிலிருந்து எதிரிகள் வந்து ஒரு குளிர்காலம் முழுவதும் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் குதிரைகளைத் தின்று உயிர் பிழைத்தார்கள். எதிரிகள் சலித்துப்போய்த் திரும்பினார்கள். ஆனால் வசந்தத்தில் இன்னும் பெரிய படை வரப்போகிறது என்று சேதி வந்தது. இந்த முறை காக்க முடியாது. கோட்டை எதிரி கையில் சிக்கினால் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நாட்டை ஆட்டிவைப்பான். அதனால் பிரபு தன் கோட்டையைத் தானே இடித்தார்.

"ஆட்கள் யாரும் அதைத் தொட மறுத்தார்கள்" என்றார் துரை. "அவர்கள் அப்பன் பாட்டன் கட்டியது. கடைசியில் பிரபுவே வடக்குச் சுவரின் உச்சிக்கு ஏறி முதல் கல்லைத் தள்ளினார். பழி தன்மேல் இருக்கட்டும் என்று."

பிற்பாடு வந்த வாரிசு ஒருவர், கூரை உள்ள வீட்டுக்கு வரி என்று கூரையைப் பிரித்துவிட்டாராம். அதன்பிறகு அக்கம்பக்கத்து விவசாயிகள் ஆட்டுப்பட்டிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் கல்லை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள்.

"என் பாட்டனும் அதில் ஒருவர். எங்கள் மாட்டுக் கொட்டிலின் வாசற்படி அந்தக் கோட்டையின் ஜன்னல் கல். நான் பிரபு வம்சமில்லை, மாடு மேய்த்தவன். அந்த வடக்குப் பிளவில் ஏறி உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். புகை வந்தால் அம்மா சமைத்துவிட்டாள் என்று இறங்கி ஓடுவேன்."

இதையெல்லாம் நான் தமிழில் சொன்னபோது அத்தான் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்.

"வீடு கட்டுறப்ப மொதக் கல்லு வீட்டுக்காரர் கையால வைக்கிறோம். ஒடைக்கிறதும் அவரு கையாலதான் போல. அவங்க ஊர்லயும் வழக்கம் அதுதான். அப்ப பழி கட்டினவன்மேல வராது" என்றார். உள்ளே போனார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் சம்மட்டியை வைத்து, இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினார்.

துரை அதைத் தொடவில்லை. "அது பிரபுவின் வேலை" என்றார்.

"இங்கே பிரபு அவருதானேன்னு சொல்லு, மாப்பிள்ளே."

சொன்னேன். துரை கைத்தடியைக் கீழே வைத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்துக்கொண்டார்.

அடுத்தாற்போல் எழுந்த பிரச்னையில் நான் எதிர்பாராமல் மாட்டிக்கொண்டேன். இதயம் பலவீனமான கிழவரைத் தனியாகச் சாரத்தில் ஏற்ற முடியாது. அத்தான் துணைக்குப் போகக் கூடாது. மற்ற ஆட்கள், ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது என்று ஆளுக்கு ஓர் அடி பின்னால் போனார்கள். கலியாணம் ஆகாதவன் அங்கே நான் ஒருவன்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். மழையில் நனைந்த மூங்கில் வழுக்கியது. கண்ணை மூடினால் தலை சுற்றியது. திறந்தால் தரை தெரிந்தது. எனக்கு முன்னால் ஏறிய துரை மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் விழுந்தால் என்மேல்தான் விழுவார், இருவரும் சேர்ந்து அத்தான்மேல் விழுவோம் என்று தோன்றியது.

உச்சியில் துரை ஓங்கி ஓர் அடி அடித்தார். கல் அசையவில்லை. மறுபடியும் அடித்தார். சுண்ணாம்பில் வெல்லமும் முட்டையும் கலந்து அத்தான் கட்டிய சுவர், எப்படி அசையும்? துரையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் பிடி" என்றார். நான் சாரத்தில் கிடந்த கடப்பாரையை இடுக்கில் விட்டு, அவர் கையோடு கை வைத்து நெம்பினேன். கல் சரிந்து கீழே போய் விழுந்தது.

அந்த இடைவெளி வழியாக ஜார்ஜ் டவுனும் கடலும் தெரிந்தன. கப்பல்கள் நின்றன. எங்கோ ஓர் அத்தாப்புக் குடிசையின் ஓலைக் கூரையிலிருந்து சமையல் புகை எழும்பியது. துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கும் அப்போது உயரத்தின் பயம் மறந்துபோயிருந்தது.

"போதும்" என்றார். "மீதியை உங்கள் மழை பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கான வருஷம் பிடித்தது, இங்கே பத்து வருஷத்தில் முடிந்துவிடும். மேஸ்திரி வீட்டுக்குப் போகட்டும்." இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "கூரையோடு அதை உயிரோடிருக்கிற யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன்."

ஹமீது நானா நாங்கள் கப்பலில் தின்பதற்குக் கட்டிக்கொடுத்ததை வைத்து ஒரு பட்டாளமே சாப்பிட்டிருக்கலாம். துறைமுகத்தில் கடைசியாக ஒருமுறை தந்தி வந்ததா என்று கேட்டேன். "வரலலா தம்பி, போங்க" என்று முதுகில் தட்டினார்.

கப்பலில் தந்தி கிடையாது. அத்தான் நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை. அந்தக் கல்லை நகர்த்தியது துரையின் கையா, என் கையா? நெம்பியது இரண்டு பேரும்தான். ஆனால் பலம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஒன்று ஆகிவிட்டால், கணவர் தப்பித்தார், தம்பி உடைத்துவிட்டான் என்று ஆகிவிடாதா? இதை அத்தானிடம் சொன்னேன். "ஒனக்கு இது ஒரு வியாதி, மாப்பிள்ளே" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவரும் தூங்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்தில் நின்றது. படகில் இறக்கினார்கள். அலையில் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் கரை தெரிந்து மறைந்தது. அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. எப்போதும்தான் முடியாது. வலது கை மூடியிருந்தது. அத்தான் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

படகு தரை தட்டியது. அத்தான் இறங்கி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அப்பா கையைத் திறந்து, பிசுபிசுவென்று வியர்வையில் ஒட்டியிருந்த கற்கண்டுக் கட்டியை அத்தான் வாயில் போட்டார். இன்னொன்றை என் வாயில் போட்டார்.

நாங்கள் இருவரும் கற்கண்டைக் கடிக்காமல் வாயில் அடக்கிக்கொண்டு அழுதோம். பிறந்தது ஆணா, பெண்ணா என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.